சாவி யாரிடம்?

பெங்களூரில் கோரமங்களாவை ஒட்டிய ஈஜிபுராவில் ஒரே அறையை மூன்று பேர் பகிர்ந்துகொள்வது சகஜம். 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, அந்த அறைகளே ஆபீசாயின. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட மீட்டிங்கில் கேட்டது. மீட்டிங்கையே வேறு யாராவது கேட்க முடியுமா என்று யோசித்தவர்கள் குறைவு.

யோசிக்க வைத்தது, அதே மாதம் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் வெளியிட்ட அறிக்கை. பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பூட்டப்பட்டிருப்பதாக ஜூம் சொல்லிவந்தது. ஆனால் சாவியைத் தந்தது கம்பெனியின் சர்வர். சோதனையில் சில சாவிகள் சீனாவிலிருந்த சர்வர் வழியாக வந்தன. ஏப்ரல் 16 அன்று, ஜூம் பாதுகாப்பானதல்ல என்ற உள்துறை அமைச்சகத்தின் எச்சரிக்கையும் வெளியானது.

நடுவில் இருப்பவரிடம் சாவியைக் கொடுப்பது பழைய வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. பத்துப் பேர் பேசினால் பத்துக் குரல்களையும் யாராவது கலக்க வேண்டும். வினாடிக்குச் சுமார் 50 பொட்டலங்களாக வரும் ஒவ்வொரு குரலையும் மிக்ஸர் பிரித்து, எண்களாகக் கூட்டி, அவரவர் குரலை மட்டும் கழித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறது. கழிக்காவிட்டால் நம் பேச்சு நமக்கே எதிரொலிக்கும். பூட்டிய பொட்டலத்தை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட முடியாது. கலப்பவர் கேட்டே தீர வேண்டும்.

மாற்று வழி, சர்வரைத் தபால்காரர் ஆக்குவது. பொட்டலத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். கலக்கும் வேலையை அவரவர் போனே செய்யட்டும். இதிலும் ஒரு ஓட்டை. யார் பேசுகிறார் என்பதைச் சர்வர் அறிய, சத்தத்தின் அளவைப் பொட்டலத்தின் மேலேயே எழுதும் முறை 2011ல் வந்தது. என்ன பேசினீர்கள் என்பது தெரியாது. எப்போது பேசினீர்கள் என்பது தெரியும்.

2020 அக்டோபரில் ஜூம் நிஜமான பூட்டைக் கொண்டுவந்தது. அதைப் போட்டால் சாதாரண டெலிபோனில் மீட்டிங்கில் சேர முடியாது. கம்பெனி சர்வரில் பதிவு செய்யவும் முடியாது. வசதியை விட்டால்தான் ரகசியம். அந்தப் பூட்டும் தானாக விழாது. மீட்டிங் நடத்துபவர்தான் போட வேண்டும்.

வம்பளக்க எந்தப் பூட்டும் வேண்டாம். நோயைப் பற்றியோ, வேலை நீக்கத்தைப் பற்றியோ பேசுவதானால், அறைக் கதவைச் சாத்துவதற்கு முன், சாவி யாரிடம் என்று கேட்டுவிடுங்கள்.