ரிப்போர்ட் நல்லது, இனி குளிசை எதற்கு?



மாத்தளையில் கிளினிக் வரிசையில் அமர்ந்திருந்தால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "கொலஸ்ட்ரோல் கொறஞ்சிட்டு. இனி குளிசை என்னத்துக்கு?" சொல்பவர் பெரும்பாலும் ஐம்பது வயதை ஒட்டிய குடும்பத் தலைவர்.

அதைக் கேட்கும்போதெல்லாம் இருதயநோய் நிபுணர் சலீம் யூசுஃப் என் நினைவுக்கு வருவார். 1952இல் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்தவர். பெங்களூரில் மருத்துவம் கற்று, ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் சென்றார். 1992இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பல நாடுகளின் இளம் வைத்தியர்கள் அவரிடம் ஆய்வு முறையைப் பயின்றார்கள்.

அவர் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. மாரடைப்பு ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு, ஒன்பது காரணங்களால் வருகிறது என்று அது காட்டியது. அவற்றுள் முதன்மையானவை இரத்தக் கொழுப்பும் புகைத்தலும். அந்த ஆய்வில் இலங்கையும் இடம்பெற்றது. 2007இல் தென்னாசியக் கணக்கு தனியாக வந்தது. பிற நாட்டவருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதளவில் வர, நம்மவருக்கு 53இலேயே வந்துவிடுகிறது! மகளின் கலியாணம் பேசி முடியாத வயதல்லவா அது?

2016இல் இன்னோர் ஆய்வு. இருதய நோய் இல்லாத 12,705 பேர், 21 நாடுகள், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலம். மருந்தில்லாக் குளிசை எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு 48 பேர் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது அவற்றையொத்த மரணத்துக்கு ஆளானார்கள். கொழுப்புக் குளிசை எடுத்தவர்களில் அது 37. பதினொரு குடும்பங்களின் கண்ணீர் தடுக்கப்பட்டது.

கொழுப்பை ஈரலே உண்டாக்குகிறது. குளிசை அந்த உற்பத்தியைக் குறைக்கிறது; ஈரல் இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. குளிசையை விட்டால் சில வாரங்களில் பழைய அளவு திரும்பிவிடும். ஆகவே நல்ல ரிப்போர்ட் என்பது நோய் போய்விட்டதற்குச் சாட்சியல்ல. மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. தசைவலி போன்ற தொல்லை இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். குளிசை இருக்கிறதே என்று சிகரட்டையும் கொழுப்பிறைச்சியையும் தொடரவும் வேண்டாம்.

சகோதரிகளே, இன்றிரவு உங்கள் வீட்டுக்காரரின் குளிசைப் பையை எடுத்து எண்ணிப் பாருங்கள். மாத முடிவில் மீதி அதிகம் இருந்தால், கோபிக்காமல் காரணத்தைக் கேளுங்கள்.