கரண்ட் போனா உயிரோட இருப்பியா?

ஆஃபீஸ்ல பக்கத்து சீட் தம்பி ஒருத்தன் ஆறடி கண்ணாடித் தொட்டி வாங்கி, உள்ள செடியெல்லாம் நட்டு, லைட்டு போட்டு, போட்டோ புடிச்சு அனுப்பிட்டு "அண்ணே, இதுல என்ன மீன் விடலாம்?"னு கேட்டான். ரெண்டு வரியில பதில் அனுப்பலாம்னுதான் உக்காந்தேன். முடியல. ஏன்னா இதே கேள்விக்கு நான் தப்புத் தப்பா பதில் கண்டுபிடிச்சு நிறைய மீனைக் கொன்னிருக்கேன்.

பெரிய தொட்டியில ஒரு சிக்கல் இருக்கு. அது நமக்கு தேவையில்லாத தைரியத்தைக் குடுக்கும். ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம்னா கிட்டத்தட்ட 680 லிட்டர். எங்க வீட்டு மொட்டைமாடி சிண்டெக்ஸ்ல முக்கால்வாசி. அதைப் பார்த்ததும் "இதுல எதை வேணா விடலாம்டா"ன்னு தோணும். எனக்கும் தோணிச்சு. முதல்ல சில்வர் டாலர் ஆறு வாங்கினேன். தட்டு மாதிரி அழகா இருக்கும். பிரான்ஹாவுக்கு சொந்தக்காரன், ஆனா சைவம். சைவம்னா எப்படிப்பட்ட சைவம்? நான் ரெண்டு மாசம் பார்த்துப் பார்த்து வளர்த்த வாலிஸ்னேரியாவையும் அமேசான் ஸ்வார்டையும் பத்தே நாள்ல மொட்டையடிச்ச சைவம். அடுத்து சில்வர் சார்க் நாலு. கடையில ரெண்டு இஞ்ச் இருக்கும், ஒரு அடிக்கு மேல வளரும்னு விக்கிறவர் சொல்லல. கேக்காதது என் தப்பு. கூடவே ரெயின்போ மீன் ஒரு டஜன், பேர்ல் கௌராமி அஞ்சு.

டிஸ்கஸ், நியான் டெட்ரா பக்கமெல்லாம் நான் போகவே இல்ல. அதுங்க அமேசான் பக்கத்து மென்தண்ணிக்குப் பிறந்ததுங்க. எங்க முண்டியம்பாக்கம் போர் தண்ணியில டீ போட்டா பாத்திரத்துல வெள்ளையா படியும். 680 லிட்டருக்கும் ஆர்.ஓ. தண்ணி புடிச்சு ஊத்த நான் தயாரில்ல.

இப்படிப் போயிட்டிருந்த கதையை மாத்தினது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி, புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. நான் வார லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். இங்கிருந்து கொஞ்ச தூரத்துல இருக்கற மயிலத்துல 24 மணி நேரத்துல 50 செ.மீ.க்கு மேல மழை. திங்கக்கிழமை விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல பாலத்துல வெள்ளம் ஏறி ரயிலையே நிறுத்திட்டாங்க. சனிக்கிழமை சாயங்காலம் போன கரண்ட் எங்க தெருவுக்கு செவ்வாய்க்கிழமைதான் வந்துச்சு. இன்வெர்ட்டர் அன்னைக்கு நடுராத்திரியே கண்ணை மூடிடுச்சு.

ஃபில்டர் நின்னா தண்ணியோட மேல்பரப்பு அசையாது. காத்துல இருக்கற ஆக்சிஜன் உள்ள கரையறது குறைஞ்சுடும். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கு உறைக்காத விஷயம் செடி. "செடி ஆக்சிஜன் குடுக்கும்ல?"னு நானே அப்பாகிட்ட பெருமையா சொல்லியிருக்கேன். குடுக்கும், வெளிச்சம் இருந்தா. வெளிச்சம் இல்லேன்னா அதுவும் நம்மள மாதிரி ஆக்சிஜனை இழுத்து கார்பன் டை ஆக்சைடை விடும். புயல் இருட்டு, லைட்டும் இல்ல. தொட்டி முழுக்க இருந்த அத்தனை செடியும் மீனோட சேர்ந்து போட்டி போட்டு மூச்சு விட்டுட்டிருக்கு. வெறும் தொட்டியை விட செடி நிறைஞ்ச தொட்டி இந்த நேரத்துல ஆபத்து. போதாக்குறைக்கு நான் செடிக்காக ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்டு ஒரு பாட்டில்ல கார்பன் டை ஆக்சைடு தயாரிச்சு உள்ள விட்டுட்டிருந்தேன் (சர்க்கரை ஆலை ஊர்க்காரனுக்கு சர்க்கரைக்கா பஞ்சம்!). அதுக்கு கரண்ட் வேண்டாம், அது பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையிலதான் கவனிச்சுப் புடுங்கினேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தா ரெயின்போ எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்குது. நானும் அப்பாவும் மாத்தி மாத்தி சொம்புல தண்ணியை மொண்டு உயரத்துல இருந்து ஊத்தினோம். அம்மா எழுந்து வந்து, "ஊரே தண்ணியில கெடக்குது, உங்களுக்கு மீனாடா?"ன்னாங்க. நியாயமான கேள்வி. எதிர்த்த வீட்டுல அரிசி மூட்டையை கட்டில் மேல ஏத்திட்டிருந்தாங்க. நான் போய் ஒரு கை குடுத்துட்டு வந்து மறுபடியும் சொம்பைப் புடிச்சேன்.

விடியறதுக்குள்ள சில்வர் சார்க் மூணு காலி. பெரிய உடம்பு, ஓயாம நீந்தற ஜாதி, ஆக்சிஜன் செலவும் அதிகம். திங்கக்கிழமைக்குள்ள ரெயின்போ பன்னெண்டுல பத்து போச்சு. கௌராமி அஞ்சும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துச்சு. கூடவே, நான் மீனுன்னே கணக்குல வெச்சிருக்காத எட்டு பேரும்.

அந்த எட்டு பேர் கதை என்னன்னா, புயலுக்கு மூணு மாசம் முன்னாடி அக்கா பையன் வாய்க்கால்ல துண்டை விரிச்சுப் புடிச்சு, பிஸ்லரி பாட்டில்ல போட்டுக் கொண்டாந்தது. பழுப்பு நிறம், விரல் நீளம், கூரா முடியற வால். நாங்களும் சின்ன வயசுல புடிச்சதுதான், வெறும் பொடிமீனுன்னு சொல்லுவோம். அவன் அழுவானேன்னு தொட்டியில விட்டேன். அறிவியல் பேர் சூடோஸ்ப்ரோமீனஸ் குபானஸ். இந்த 'குபானஸ்' எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினப்ப நிஜமாவே சிலிர்த்துடுச்சு. 1831-ல பிரெஞ்சுக்காரங்க குவியேவும் வலென்சியெனும் எழுதின மீன் புத்தகத்துல இது முதல்முதலா வருது. மாதிரி மீன் கிடைச்ச இடம் புதுச்சேரி அரியாங்குப்பம் ஆறு. குப்பம்தான் குபானஸ்! எங்க வீடூர் அணையைத் தாண்டிப் போற சங்கராபரணி, புதுச்சேரியில பிரியறப்ப ஒரு கிளைக்குப் பேர் அரியாங்குப்பம் ஆறு. அதாவது நம்ம ஆத்து மீன், நம்ம ஊர்ப் பேரோட உலகம் பூரா சுத்திட்டிருக்கு. நான் கொளத்தூர் வரைக்கும் போய் ஆஸ்திரேலியா பக்கத்து மீனை வாங்கிட்டு வந்திருக்கேன்.

கௌராமிக்கும் இதுக்கும் செவுளுக்குப் பக்கத்துல லேபிரிந்த்னு ஒரு உறுப்பு உண்டு. மேல வந்து வாயால காத்தை முழுங்கி நேரா மூச்சு விட்டுக்கும். கோடையில வத்திப்போற குட்டையில பொழைச்சு வந்த சாதி. மூணு நாள் பவர்கட்டெல்லாம் அதுக்கு ஜுஜுபி. இலையையும் கடிக்காது, செடி அடர்த்தியா இருந்தாத்தான் சந்தோஷமே.

அதனால தம்பி, என் கட்சி இதுதான். கலர், விலை, கூட்டமா போனா அழகு, இதெல்லாம் அப்புறம். மீனை வாங்கறதுக்கு முன்னாடி அதைக் கேக்க வேண்டிய முதல் கேள்வி, "கரண்ட் போனா உயிரோட இருப்பியா?" நாம எழுதற சாஃப்ட்வேருக்கு லோட் டெஸ்ட் பண்றோம்ல, அது மாதிரி.

"அப்ப சக்கர் மீன் வாங்கட்டுமா, அதுவும் சாகாதே?"ன்னு கேப்பே. கரெக்ட், அது வயித்தால கூட காத்துல மூச்சு விடும். இங்கதான் ரெண்டாவது கேள்வி வருது. "வெள்ளத்துல தப்பிச்சு ஏரிக்குப் போனா என்ன பண்ணுவே?" தென் அமெரிக்காவுல இருந்து வந்த அந்த மீன், வளர்த்தவங்க தூக்கிப் போட்டதுல தமிழ்நாட்டு ஏரி, குளத்துல எல்லாம் பெருகிக் கெடக்கு. கரையில வளை தோண்டும், வலையைக் கிழிக்கும், வாங்க ஆளில்ல. புயலுக்கு அப்புறம் என்கிட்ட மிஞ்சின ஒத்தை சில்வர் சார்க்கை "வீடூர் டேம்ல விட்டுடுறா"ன்னு ஒரு ஃப்ரெண்டு சொன்னான். விடல. கடைக்காரர்கிட்ட காசு வாங்காம குடுத்துட்டு வந்தேன்.

உள்ளூர் மீனுன்னு சொன்னதும் மிஸ் கேரளா தேடிப் போயிடாதே. 1865-ல பிரான்சிஸ் டே அப்ப இருந்த மெட்ராஸ் கவர்னர் டெனிசன் பேரை அதுக்கு வெச்சாரு. ஏற்றுமதிக்குன்னு அள்ளி அள்ளியே அழிவோட விளிம்புக்கு வந்துடுச்சு. 2022-ல வந்த வனவிலங்குச் சட்டத் திருத்தத்துல முதல் அட்டவணையிலயே சேர்த்துட்டாங்க. தவிர, அது வேகமா ஓடற மலையோடை மீன். நம்ம முதல் கேள்வியிலயே ஃபெயிலாயிடும்.

இப்ப என் தொட்டியில பேர்ல் கௌராமி அஞ்சு, குபானஸ் இருபதுக்கு மேல (எட்டுதான் வாய்க்காலோடது, மிச்சமெல்லாம் இங்கயே பொறந்தது), மேல்மட்டத்துல நெத்தியில வெள்ளைப் புள்ளி மின்னற நம்ம ஊர் கில்லி மீன் பத்து, தப்பிச்ச ரெயின்போ ரெண்டு. 680 லிட்டருக்கு இது கம்மிதான், தெரியும். வர்றவங்க "மீன் எங்க?"ன்னு கேக்கறாங்க. கொஞ்சம் உக்காந்து பார்க்கணும். இலைக்கு அடியில ஆண் மீன் நுரையால கூடு கட்டி, கீழ விழற முட்டையை வாயால கவ்வி மறுபடியும் கூட்டுல ஒட்டிட்டிருக்கும். அம்மா இப்ப அடுப்படி வேலை முடிஞ்சதும் அங்கதான் உக்கார்றாங்க :-)

இன்னொண்ணு, மறந்துட்டேன். கரண்ட் ரொம்ப நேரம் கழிச்சு வந்தா கேனிஸ்டர் ஃபில்டரை உடனே ஆன் பண்ணிடாதே. உள்ள இருக்கற பாக்டீரியா செத்து தண்ணி அழுகியிருக்கும், அதைத் தொட்டிக்குள்ள தள்ளினா மிஞ்சினதும் போயிடும். கழட்டிக் கழுவிட்டுப் போடு. என்னோட பன்னெண்டுல பதினொண்ணாவது ரெயின்போ அப்படித்தான் போக இருந்துச்சு.

வேற சந்தேகம் இருந்தா திங்கக்கிழமை லஞ்ச்ல கேளு. தொட்டி போட்டோ மட்டும் இனிமே ராத்திரி பன்னெண்டு மணிக்கு அனுப்பாதே.