ஆளில்லாத் துவக்கு

ராவு முழுக்க யூரியூப்பில துவக்கு வீடியோ பார்க்கிற பொடியன்மார் நம்ம தம்பிலுவில்லயும் இருக்காங்க. எங்களுக்குள்ளேயே இருக்காங்க. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் சுட்டு முடிஞ்ச பித்தளைக் கோதைப் பொறுக்கி, மருந்து நிரப்பித் திரும்பச் சுடுவதைப் பார்த்துவிட்டு, "இதைத்தானே மச்சான் நம்ம ஆக்களும் வட்டையில செய்றாங்க" என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். சொல்வது கட்டுத்துவக்கை. நாங்கள் இல்லை என்கிறோம்.

1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்தை எடுங்கள். அதன் கோதின் அடியில் ஒரு பட்டி இருக்கும். சுட்டால் கோது விரியும். அதை அச்சில் இட்டு ஒடுக்கும்போது தோளை அளவுக்கு மிஞ்சிப் பின்னே தள்ளிவிட்டால், அடுத்த வெடியில் பட்டிக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும். இப்படியே போனால் ஒருநாள் அந்த இடத்திலேயே ரெண்டாகும். அதனால்தான் விஷயம் தெரிந்தவன் வளைத்த கம்பியை உள்ளே விட்டு, பள்ளம் தட்டுதா என்று தடவிப் பார்க்கிறான். மருந்தை ஒரு கிரெயினில் பத்தில் ஒன்றுவரை நிறுக்கிறான். ஒரு கிராமை நூற்றைம்பதாகப் பிரித்தால் வரும் துணுக்கு அது. இவ்வளவு பாடும், அடுத்த வெடியும் போன வெடி பட்ட இடத்திலேயே படவேண்டும் என்பதற்குத்தான். (அந்த விளையாட்டிலயும் எங்களுக்குப் பெரிய மயக்கமில்லை, அது வேற கதை.) ஆனால் சுட்டவன் அங்கேயே நிற்கிறான். எதில் பட்டது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கு.

கட்டுத்துவக்குக்குப் பின்னால் ஆளும் இல்லை, கண்ணும் இல்லை. பாதைக்குக் குறுக்கே கம்பியை இழுத்துவிட்டு, கட்டினவர் வீட்டில படுத்திருப்பார். பன்றியின் உயரத்துக்கு வைத்தது யானையின் காலில் படும். புண் சீழ்பிடித்து, நடக்க ஏலாமல், கிழமைக்கணக்கில் கிடந்து சாகும். விறகுக்குப் போற ஆளுக்கும், மாடு தேடிப் போற பொடியனுக்கும் அதே கம்பிதான். இதுக்குப் பேர் கைத்திறமையா?

"ஒரே ராவில வயல் போனா நீங்களா தம்பி சோறு போடுவீங்க?" என்று சாகாமத்திலும் தங்கவேலாயுதபுரத்திலும் வெள்ளாமை செய்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2023இல் நாட்டில் 450க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை அடித்து இறந்த மனிதர்கள் 150க்கு மேல். இதை யானை வெடி கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கிற அதிகாரிகள் பரணில ஒரு ராவு படுத்துப் பார்க்கட்டும். பிருத்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இலேயே திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டது: ஊரையும் வயலையும் சுற்றி மின்வேலி போடுங்கள், வயல் வேலியை அறுவடை முடியக் கழற்றுங்கள், ஊராரே பராமரிக்கட்டும் என்று. நம்ம பக்கத்து வட்டைகளுக்கு அந்த வேலியைக் கேட்க, பெரும்போக விதைப்புக்கு முன் வட்டவிதானைமாரோடு பிரதேச செயலகத்துக்குப் போவோம். கூட வருகிறவர் முதலில் தன் பாதையில் இழுத்திருக்கிற கம்பியை அறுத்துப்போட்டு வரட்டும்.