கடைசிக் காட்சிவரை உட்கார்ந்திருக்கக் கூடாதா?

“விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ளத் தெரியாதவன் மேடை ஏறக் கூடாது.” எத்தனை வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்! தாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். நடிப்பு சோடை, வசனம் நீளம், விளக்கு சரியில்லை என்று எழுதியவர்களை எங்களில் யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. பல தடவை அவர்கள் சொன்னதைக் கேட்டு அடுத்த ஒத்திகையிலேயே காட்சியை வெட்டியிருக்கிறோம்.

ஆனால் பார்க்காத நாடகத்துக்கு எழுதப்படும் விமர்சனத்தை எப்படி ஐயா தாங்குவது?

எங்கள் நாடகத்தில் ஒரு தாய். முதல் பாதி முழுக்க வாய் திறக்க மாட்டாள். கணவன் பேசுவான், மகன் பேசுவான், ஊர்ப் பஞ்சாயத்துப் பேசும். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருப்பாள். கடைசிக் காட்சியில் முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நிற்பாள். மேடையில் வேறு யாரும் கிடையாது. அவள் ஒருத்தி பேச்சுதான் முடிவுவரை. நாடகமே அதற்காக எழுதப்பட்டது. அதற்கு விமர்சனம் எழுத வந்தவர் இடைவேளையில் எழுந்து போனார். டிக்கெட் மேசையில் இருந்த பையன் பார்த்தான். அவர் திரும்பி வரவே இல்லை. சில நாள் கழித்து அச்சில் வருகிறது, பெண்ணைக் கடைசிவரை ஊமையாக வைத்திருக்கும் ஆணாதிக்க நாடகம் என்று!

அந்தத் தாயாக நடித்தவர் அங்கன்வாடியில் ஆயா. வேலை முடிந்து, பஸ் பிடித்து ஒத்திகைக்கு வருவார். விமர்சனத்தை மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். போன் செய்து கேட்டார்: “அப்ப நான் பேசுனது யாருக்குமே கேக்கலையா தம்பி?” நான் என்ன பதில் சொல்வேன்?

சினிமா என்றால் சந்தேகப்பட்டவர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். புத்தகம் என்றால் புரட்டிப் பார்க்கலாம். தமிழில் நவீன நாடகம் ஒரு ஊரில் இரண்டு நாள் நடந்தாலே பெரிய காரியம். வாடகையைக் கட்டி, அரங்கைக் காலி செய்து, கடனோடு வீடு திரும்புகிறோம். விமர்சனம் வரும்போது நாடகம் இருக்காது. மிஞ்சுவது அந்தத் தாள் மட்டும்தான். நாளைக்கு யாராவது இந்த நாடகத்தைப் பற்றித் தேடினால் அந்தப் பொய்தான் சாட்சி சொல்லும். 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழு தொடங்கிய காலம் தொட்டு நவீன நாடகக்காரர்கள் கேட்டுவரும் ‘புரியவில்லை’கூட இதற்குத் தேவலை. அப்படிச் சொன்னவர் உட்கார்ந்து பார்க்கவாவது செய்தார்.

ஆங்கில நாடகாசிரியர் ஹரால்ட் பின்டரின் ‘பிறந்தநாள் விருந்து’ 1958 மே 19 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித்தில் மேடையேறியது. தினசரிகள் அடித்த அடியில் எட்டே காட்சிகளோடு சனிக்கிழமை இழுத்து மூடினார்கள். மறுநாள் சண்டே டைம்ஸில் ஹரால்ட் ஹாப்சன் அதைக் கொண்டாடி எழுதினார். படித்துவிட்டுப் போய்ப் பார்க்க நாடகம் இல்லை! பின்டருக்கு 2005இல் நோபல் பரிசே கிடைத்தது. எங்கள் அங்கன்வாடி ஆயா பேசிய பேச்சுக்கு எந்தக் காலத்தில் நியாயம் கிடைக்கும்?

எங்கள் நாடகத்தின் விமர்சனத்தை வெளியிட்ட இதழின் ஆசிரியருக்கு எழுதினேன். கலைஞன் இவ்வளவு தொட்டாற்சுருங்கியாக இருக்கக் கூடாது என்று பதில் வந்தது. திருத்தம் வரவில்லை.

சக நாடகக்காரர்களே, இனியும் வாய்மூடி இருப்பதைப் பெருந்தன்மை என்று சொல்லாதீர்கள். விமர்சகருக்குப் போன் போட்டுத் திட்ட வேண்டாம், ஆள்களை ஏவ வேண்டாம். பிடிக்கவில்லை என்று எழுதினால் அது அவர் உரிமை, விட்டுவிடுங்கள். ஆனால் மேடையில் நடந்ததை நடக்கவில்லை என்று எழுதினால், பிரதியின் அந்தப் பக்கத்தை இணைத்துப் பதில் எழுதுங்கள். திருத்தம் போடும்வரை விடாதீர்கள். செல்போனிலாவது முழு நாடகத்தையும் படம்பிடித்து வையுங்கள்.

விமர்சகர்களே, உங்களிடம் நாங்கள் பாராட்டுக் கேட்கவில்லை. கடைசி விளக்கு அணையும்வரை உட்காருங்கள். அதற்குப் பிறகு எங்களைக் கிழித்துத் தொங்கவிடுங்கள்.