உருப்போடுவதா, யோசிப்பதா?

நமது நாட்டில் கல்வி என்றால் மனப்பாடம் என்றும், புத்திசாலி என்றால் அதிகமாய் மனப்பாடம் செய்தவன் என்றும் அர்த்தமாகி வெகு காலமாகிவிட்டது. இது தானாக வந்த வியாதி அல்ல. அர்த்தம் தெரியாமல் ஓதுவது புண்ணியம், அர்த்தம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று வைத்திருந்த சமூகத்தில் பள்ளிக்கூடம் மாத்திரம் வேறு விதமாக எப்படி இருக்க முடியும்? மந்திரத்தை உருப்போட்டவன் இருந்த இடத்தில் இன்று கைடை உருப்போடுகிறவன் உட்கார்ந்திருக்கிறான், வித்தியாசம் அவ்வளவுதான்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் மாலை வேளையில் நடந்து போகிறவர்கள் இதைக் காதாலேயே கேட்கலாம். மாடி வீட்டுப் பிள்ளை டியூஷனில் உரக்கப் படிக்கிறது. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் பிள்ளையும் தன் குடிசையில் அதே பாடத்தை அதே ராகத்தில் படிக்கிறது. ஒன்று காசு கொடுத்த உரு, மற்றொன்று காசில்லாத உரு. யோசனை இரண்டிலும் இல்லை.

இதற்கு மாற்றாக மனவரைபடம் என்று ஒரு முறை சொல்லப்படுகிறது. தாளின் நடுவில் விஷயத்தை எழுதி, அதிலிருந்து கிளை கிளையாகக் காரணங்களையும் விளைவுகளையும் பிரித்துக் கோடு போட்டுக்கொண்டு போவதே அது. 1974இல் டோனி பூசான் என்னும் ஆங்கிலேயர் பி.பி.சி. தொலைக்காட்சி மூலம் இதைப் பிரபலப்படுத்தினார். இதில் தேவரகசியம் ஒன்றுமில்லை.

பக்கத்தில் ஓடுகிற அடையாற்றையே எடுத்துக்கொள்வோம். நடுவில் '2015 டிசம்பர் வெள்ளம்' என்று ஒரு பிள்ளை எழுதட்டும். ஒரு கிளையில் பெருமழை. மற்றொன்றில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர். இன்னொன்றில் ஆற்றின் வழியை அடைத்த கட்டிடங்கள். மற்றுமொன்றில் கரையோரத்துக் குடிசைகளும், பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களும். இவ்வளவையும் கோடு போட்டு இணைத்த பிள்ளையிடம் போய், 'எல்லாம் விதி' என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்! 'விதி எந்தக் கிளையில் வருகிறது?' என்று அது திருப்பிக் கேட்காதா? நாம் இம்முறையை ஆதரிப்பதற்கு முக்கிய காரணம் இதுவேயாகும்.

இது பணக்காரப் பள்ளிக்கூடத்துச் சங்கதி என்று யாரும் நினைக்க வேண்டாம். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த தோழர் எம்.பி.விஜயகுமார் அவர்கள் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் துவக்கினார். 2007-08இல் அது தமிழ்நாடு முழுவதும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குப் போயிற்று. மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற பேரில் வந்த முறையிலோ, பிள்ளை பாடத்தைத் தானே படித்து, மனவரைபடம் வரைந்து, குழுவில் பேசித் தொகுத்து, எழுந்து நின்று சொல்ல வேண்டும். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரெல்லாம் கரும்பலகை. வாத்தியார் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். குருவின் எதிரே கைகட்டி வாய்பொத்தி நின்ற நாட்டில் இது சிறிய காரியமா?

நிற்க, இதிலும் நாம் ஏமாந்துவிடக் கூடாது. வாத்தியார் பலகையில் போட்ட படத்தைப் பிள்ளைகள் அப்படியே நோட்டில் காப்பியடித்து, அதிகாரி வரும் நாளில் காட்டுவதானால், அது உருப்போடுவதற்கு மற்றொரு வேஷமே தவிர வேறில்லை. சடங்கு வர்ணப் பென்சிலால் செய்யப்பட்டாலும் சடங்குதான்.

அன்றியும், மூளையின் பேரால் நடக்கும் புதுப் புரோகிதமும் ஒன்றுண்டு. மனிதன் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் உபயோகிக்கிறான் என்பதும், வலமூளைக்காரன், இடமூளைக்காரன் என்று மனிதர்களைப் பிரிப்பதும் விஞ்ஞானமல்ல, வெறும் கதை. நடுமூளையைத் தூண்டிவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கலாம் என்று சொல்லிப் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் பறித்த மோசடியை மங்களூர்ப் பகுத்தறிவாளர் தோழர் நரேந்திர நாயக் பல இடங்களில் வெளிப்படுத்தியிருக்கிறார். துணிக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள சந்தில் பார்ப்பதற்கு நடுமூளை எதற்கு?

மனவரைபடத்தையும் அதே பரீட்சைக்கு உட்படுத்துவதே யோக்கியமாகும். இதற்கு நெருங்கிய உறவான கருத்து வரைபடத்தை அமெரிக்காவில் கார்ப்பிக், பிளண்ட் என்னும் இருவர் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே படம் வரைந்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுக்குக் கொண்டுவந்து எழுதியவர்களே அதிகம் கற்றிருந்தார்கள். ஆகவே, படிக்கட்டும்; புத்தகத்தை மூடட்டும்; பிறகு வரையட்டும்; விட்டுப்போனதைத் திறந்து பார்த்துச் சேர்க்கட்டும். இதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலும்தான்.

வாய்ப்பாடே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவசியமானதை ஞாபகத்தில் வைப்பது வேறு. அவசியமில்லாத பாரத்தைச் சுமத்துவது வேறு. எழுத்துகளிலேயே அந்தப் பாரத்தைக் குறைக்க வேண்டுமென்று பெரியார் 1935இல் குடி அரசில் சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார். சர்க்கார் ஏற்றுக்கொண்டது 1978இல். 43 வருஷம்! இந்த விஷயத்திலும் அவ்வளவு காலம் காத்திருக்க நம் பிள்ளைகளுக்கு ஆயுசு போதாது.

பரீட்சை மாறாமல் படிப்பு மாறாது. புத்தகத்து வரியை வரி பிசகாமல் எழுதினால் முழு மார்க் என்றிருக்கும் வரை எந்த வாத்தியாரும் திரும்ப உருப்போடத்தான் வைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'ஏன்?', 'எப்படி?' என்று கேட்கிற கேள்விக்கு மார்க் போட சர்க்கார் துணியட்டும். பெற்றோர்களோ, இன்று மாலை பிள்ளை வீட்டுக்கு வந்ததும், 'எத்தனை பக்கம் ஒப்பித்தாய்?' என்று கேட்பதை விட்டு, 'வாத்தியாரிடம் என்ன கேள்வி கேட்டாய்?' என்று கேட்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.