எண்ணி வைத்த நாற்காலிகள்

2024 ஜூலை 15 அன்று கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. தனியார் நிறுவனங்களின் நிர்வாகப் பணிகளில் 50 விழுக்காடும் மற்ற பணிகளில் 70 விழுக்காடும் உள்ளூர்க்காரர்களுக்கே என்றது அது. மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் எதிர்த்தது. ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ், சந்தடி சாக்கில், பெங்களூரு நிறுவனங்களை விசாகப்பட்டினத்துக்கு அழைத்தார். 17-ஆம் தேதியே மசோதா கிடப்பில் போடப்பட்டது.

தோற்றது மசோதா மட்டும்தான். ஊரில் உள்ள வேலைகள் இத்தனைதான், வெளியூர்க்காரன் ஒன்றில் உட்கார்ந்தால் நமக்கு ஒன்று குறையும் என்ற எண்ணத்துக்குக் கீறல்கூட விழவில்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, ஆட்டோ ஸ்டாண்டு எங்கேயும் இதில் கருத்து வேறுபாடு கிடையாது.

டேவிட் ஷ்லாஸ் என்ற ஆங்கிலேயர் 1891-லேயே இந்தப் பிழைக்குப் பெயர் வைத்துவிட்டார். பிறகும் அது சாகாததற்கு மக்களின் அறியாமையைக் காரணம் சொல்வது பொருளியலாளர்களின் சோம்பேறித்தனம். நேர்முகத் தேர்வு வரிசையில் நிற்பவருக்கு அது பொய்யே அல்ல. ஒரு பணியிடம், இரண்டு பேர். அவனுக்குக் கிடைத்தால் எனக்கு இல்லை. அந்த வரிசையில் கண்டதை ஊர் முழுக்க விரிக்கும்போதுதான் கணக்கு பிசகுகிறது. வந்தவன் வேலையோடு நிற்பதில்லை. அவனுக்குச் சோறு வேண்டும், படுக்க இடம் வேண்டும், அலுவலகம் போக வண்டி வேண்டும். பெங்களூரின் மாரத்தஹள்ளியில் ஒரு சந்துக்குள் நுழைந்து பாருங்கள்: வரிசையாக பி.ஜி. விடுதிகள், ஆந்திரா மெஸ், இஸ்திரி வண்டி, பிரியாணிப் பொட்டலத்தோடு வாசலில் காத்திருக்கும் டெலிவரி பையன். ஐ.டி. ஊழியன் வந்ததால் தனக்குக் கிடைத்த வேலை என்று அந்த இஸ்திரிக்காரர் எந்தப் படிவத்திலும் எழுதப் போவதில்லை.

பறிபோன வேலைக்குப் பெயரும் முகமும் உண்டு. அறுபதுகளின் பம்பாயில் பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ வார இதழ் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. கம்பெனி அதிகாரிகளில் தென்னிந்தியர்கள் யார் யார் என்று பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. பட்டியலில் இருந்தவர்கள் கற்பனைப் பாத்திரங்கள் இல்லை, நிஜ மனிதர்கள். அதன் பலமே அதுதான். அவர்களால் யாருக்கெல்லாம் பிழைப்பு உண்டானது என்று எதிர்ப் பட்டியல் போட எந்தப் பத்திரிகையாலும் முடியாது. 1966-இல் தாக்கரேயின் சிவசேனா பிறந்தபோது அதன் பொருளாதாரக் கொள்கை ஏற்கெனவே அச்சாகி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்தப் பட்டியலில் நம்மவர்களும் இருந்தார்கள். அதனால் நமக்குப் புத்தி வந்துவிட்டதா? தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கை தொழில் நிறுவன வேலைகளில் 75 விழுக்காடு தமிழர்களுக்கு என்றது. பெங்களூரில் ‘வெளியாள்’ என்றால் சுருக்கென்று தைக்கிறது. திருப்பூரில் ‘வடக்கன்’ என்று சொல்ல நாக்கு கூசுவதில்லை. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, ஆட்கள் ஊர் திரும்பிவிடுவார்களோ என்று முதலில் கலங்கியவர்கள் பனியன் கம்பெனி முதலாளிகள்தான்.

வெளியாள் வந்தால் உள்ளூர்க்காரனின் கூலி விழுமா? 1980-இல் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் கியூபர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வந்திறங்கினார்கள். மயாமியின் தொழிலாளர் எண்ணிக்கை திடீரென்று 7 விழுக்காடு உயர்ந்தும், அங்கிருந்தவர்களின் கூலி பெரிதாகச் சரியவில்லை என்று பொருளியலாளர் டேவிட் கார்ட் 1990-இல் காட்டினார். படிப்பு மிகக் குறைந்தவர்களின் கூலி விழுந்தது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னாளில் மறுத்தார். சண்டை ஓயவில்லை. குறிப்பிட்ட தொழிலில், குறிப்பிட்ட காலத்துக்கு அடி விழலாம் என்பதை நானும் மறுக்க மாட்டேன். தவறான நம்பிக்கை அந்த நிஜமான வலியில்தான் வேர் பிடிக்கிறது.

ஹரியானா அந்த நம்பிக்கையைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தது. மாதம் 30,000 ரூபாய் வரையிலான தனியார் வேலைகளில் 75 விழுக்காடு உள்ளூர்க்காரர்களுக்கு என்ற அந்தச் சட்டத்தை, 2023 நவம்பரில் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

சரி, நாற்காலி முழுக்க உள்ளூர்க்காரர்களுக்கே கிடைத்தால்? பெங்களூரின் ஆயத்த ஆடை ஆலைகளைப் பார்க்கலாம். அங்கே நெடுங்காலமாகத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் கர்நாடகக் கிராமத்துப் பெண்கள். இட ஒதுக்கீடு கேட்காமலே கிடைத்த இடம் அது. ஆனாலும் சம்பளம் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே நின்றது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி மாற்றியபோது, 2016 ஏப்ரல் 18 அன்று அவர்கள் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். மறுநாளே அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது.