கையை நீட்டுங்க சார்!

ரத்தக்கொதிப்பு ஒரு விநோதமான கடன்காரன். வாசலில் நின்று சத்தம் போடமாட்டான். ஒருநாள் நேராக ஜப்திக்கு வந்துவிடுவான். பக்கவாதம், மாரடைப்பு, கிட்னி பழுது... எதையாவது தூக்கிக்கொண்டுதான் போவான்.

"எனக்கா பி.பி.? தலைசுத்தல்கூட இல்லையே!" என்கிறவர்தான் அவனுக்குப் பிடித்த கஸ்டமர். பெரும்பாலும் அறிகுறியே தெரியாது, அதுதான் சூழ்ச்சி. 2020-ல் தமிழகத்தில் எடுத்த சர்வேப்படி, ரத்தக்கொதிப்பு உள்ள நூறு பேரில் சுமார் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்ததாம். நூற்றுக்கு ஏழு! பரீட்சையில் வாங்கியிருந்தால் அப்பா தோலை உரித்திருப்பார்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பமானது. தன்னார்வலர் பெண்கள் பையும் மெஷினுமாக வீடு வீடாகப் போய் பி.பி. பார்த்து, மாத்திரையையும் கொடுத்துவிட்டு வருவதுதான் திட்டம். 2024-ல் ஐ.நா. விருதுகூட வாங்கியது.

காரைக்குடிப் பக்கம் இதன் அருமை நன்றாகவே புரியும். முகப்பில் நுழைந்தால் பின்கட்டு அடுத்த தெருவில் முடிகிற வீடு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். முழங்கால் வலியோடு தனியே இருக்கும் ஆச்சி, மாத்திரைக்காக யாரைப் பஸ் ஏறச் சொல்வார்? வாங்க ஆளில்லாவிட்டால், "அதான் நார்மல் ஆயிடுச்சே"ன்னு நிறுத்திவிடுவார். நார்மல் ஆனதே மாத்திரையால்தான்!

சரி, ஆபீஸ் ஆசாமிகளே, உங்கள் கதை? வீட்டுக்கு ஆள் வரும் நேரத்தில் நீங்கள் சீட்டில் இருப்பீர்கள். அதனால்தான் 2024-ல் வேலை செய்யும் இடத்துக்கே தேடி வரும் திட்டமும் ஆரம்பித்தார்கள். வந்தால் ஸ்டோர் ரூமில் ஒளியாதீர்கள்! வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது.

அளப்பதற்கு அரைமணி முன்னால் காபி, சிகரெட் கூடாது. காலைத் தரையில் பதித்து, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். அளக்கும்போது பேசக்கூடாது, மேனேஜரைப் பற்றி நினைக்கவே கூடாது! 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் பதறாமல், இன்னொரு நாளும் பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், வத்தல், உப்புக்கண்டம் எல்லாம் ஒரே இலையில் ஏறினால் கணக்கு உதைக்கும்.

பர்மாவில் கடை வைத்த காலத்திலும் ஐந்தொகை போட்டுப் பார்த்த ஊர் இது. கல்லாவுக்குப் போட்ட கணக்கை உடம்புக்கும் போடலாமே? இப்போது கையை நீட்டினால் பி.பி. பார்க்க. அப்புறம் நீட்டினால் டிரிப்ஸ் ஏற்ற!